வேண்டுதல் இல்லாத பாதயாத்திரை

போர்ட்லாண்ட், ஓரிகன்
மே மாதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அங்கே அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கிட்டு இருக்கும். நான் இன்னும் குப்பை போடப் போகக்கூட ஸ்வெட்டர் மாட்டிக்கிட்டுத்தான் போறேன்.

போன சனிக்கிழமை, ஆபீஸ்ல கூட வேலை பாக்குற வெள்ளைக்காரர் ஒருத்தர் அருவிக்குப் போகலாம் வாங்கன்னு கூப்பிட்டார். அருவின்னதும் துண்டு, மாத்துத்துணி, நல்லெண்ணெய் பாட்டில் எல்லாம் பையில வெச்சேன். கார் கிளம்பினப்புறம்தான் விவரம் சொல்றார். ஊருக்குக் கிழக்கே 40 மைல்ல ஈகிள் க்ரீக்னு ஒரு காட்டாறு. அது அறுத்துவிட்ட பள்ளத்தாக்குக்குள்ள 6 மைல் நடந்து அருவியைப் பாத்துட்டு, அதே 6 மைல் திரும்பி நடக்கணும். சுமார் 20 கிலோமீட்டர்.

"எந்தச் சாமிக்குடா?"ன்னு கேப்பீங்க. சாமியும் இல்லை, வேண்டுதலும் இல்லை. நீங்க பழனிக்கு நடக்கிறப்போ வழியெல்லாம் நீர்மோர், பானகம், பொங்கல்னு கையில திணிப்பாங்களே, இங்கே ஒரு டீக்கடை கிடையாது. கொண்டுபோன புளியோதரையைத் தின்னுட்டு, அந்தப் பொட்டலக் காகிதத்தை வீட்டுக்கே தூக்கிட்டு வரணும். ஆரஞ்சுத் தோலைக்கூடக் காட்டுல போடக் கூடாதாம். கார் நிறுத்துறதுக்கு 5 டாலர் மட்டும் மறக்காம வாங்கிக்கிறாங்க.

பாதை இருக்கே, ஒரு பக்கம் எரிமலைக் குழம்பு இறுகின கரும்பாறை, மறுபக்கம் அதலபாதாளம், நடுவுல நம்ம வீட்டுத் திண்ணை அகலத்துக்கு வழி. பிடிச்சுக்கிட்டு நடக்கப் பாறையில இரும்பு வடம் அடிச்சிருக்காங்க. 1910களில், கீழே கொலம்பியா ஆற்றோரமா நெடுஞ்சாலை போட்ட காலத்துல, மலையை வெடி வெச்சு உடைச்சுப் போட்ட பாதையாம். வழியில ஹை பிரிட்ஜ்னு ஒரு பாலம். மனுஷன் அதுக்கு நட்டநடுவுல நின்னு போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்தேன். கண்ணைத் திறந்து எடுத்தேனான்னு அவர் கேக்கலை.

கடைசியா டனல் ஃபால்ஸ். பாதை அருவிக்குப் பக்கத்துல போகலை சித்தப்பா, அருவிக்குப் பின்னாடியே போகுது. பாறையைக் குடைஞ்சு சுரங்கம் விட்டிருக்காங்க. உள்ளே நுழைஞ்சா உச்சந்தலையில சொட்டு, காலடியில குட்டை, பேசினா பேச்சு கேக்காது. அந்தப் பக்கம் வெளியே வந்தா சாரல்ல கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க மறைக்குது. நம்ம ஊர் கோச்சடை நீரேற்று நிலையத்துல, வைகை மணலுக்குள்ள ஊறுற தண்ணியைச் சொட்டு சொட்டா எண்ணி ஊருக்கு விட்ட மனுஷன் நீங்க. இதைப் பாத்திருந்தா, "எவன்டா வால்வை மூடாமப் போனவன்?"னு சத்தம் போட்டிருப்பீங்க.

ஆனா ஒருத்தரும் குளிக்கலை. நான் கையை நீட்டினேன், விரல் மரத்துப்போச்சு. எண்ணெய் பாட்டில் எதுக்குன்னு வெள்ளைக்காரர் கேட்டார். முழங்காலுக்குன்னு சமாளிச்சேன். திரும்பி வர்றப்போ பாதி பாட்டில் அவர் முழங்காலுக்குத்தான் போச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, இவ்வளவு தண்ணி கொட்டுற இடத்துல பயமெல்லாம் தீயைப் பத்தித்தான். 2017 செப்டம்பர் 2ஆம் தேதி, 15 வயசுப் பையன் ஒருத்தன் இந்தப் பாதையில நின்னு ஒரு பட்டாசைக் கொளுத்திப் பள்ளத்துக்குள்ள வீசியிருக்கான். கோடையில காஞ்சு கிடந்த காடு பத்திக்கிச்சு. உள்ளே மாட்டின 150 பேர் ராத்திரி முழுக்கக் காட்டுலயே கிடந்திருக்காங்க. தீ கொலம்பியா ஆற்றையே தாண்டி அக்கரையில வாஷிங்டன் மாநிலத்துலயும் பிடிச்சது. மொத்தம் 48,000 ஏக்கருக்கு மேல போச்சு. வெடி வெச்சுத் திறந்த பாதையை ஒத்தைப் பட்டாசு மூடிருச்சு. மறுபடி திறக்க 2021 ஆச்சு. கருகின மரங்கள் இன்னும் அப்படியே நிக்குது. ஒண்ணைத் தொட்டுப் பாத்தேன். ஒரு பக்கம் கரி விரல்ல ஒட்டுது, மறுபக்கம் பச்சைப் பாசி, வேருல பெரணி தழைச்சிருக்கு.

இந்தக் கதையைச் சொல்லிட்டு வெள்ளைக்காரர், உங்க ஊர் எதுக்குப் பேர் போனதுன்னு கேட்டார். மல்லிகைப்பூன்னு சொல்லி நிறுத்திக்கிட்டேன். சிவகாசி பக்கத்துலதான்னு நானா ஏன் சொல்லணும்?

போன தீபாவளிக்குத் தம்பி மகன் மொட்டை மாடியில பாட்டில் வெச்சு ராக்கெட் விட்டானே, பக்கத்து வீட்டு வேட்டி கொடியோட போச்சே, அவன்கிட்ட இதைக் கட்டாயம் சொல்லுங்க. காட்டுக்குத் தீ வெச்ச அந்தப் பையனுக்கு அஞ்சு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 1,920 மணி நேரம் வனத்துறைக்குச் சேவை, 150க்கும் மேல மன்னிப்புக் கடிதம். அதுக்கு மேல நஷ்டஈடு 3 கோடியே 66 லட்சம் டாலர். நம்ம காசுல 300 கோடிக்கு மேல. தவணையில கட்டலாமாம். பத்து வருஷம் ஒழுங்காக் கட்டி, வேற வம்புக்கும் போகலைன்னா மிச்சத்தை நிறுத்திக்கவும் வழி இருக்காம். நம்ம கூட்டுறவுச் சங்க நகைக்கடன் தள்ளுபடி மாதிரி தேர்தல் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

சித்தி கேட்டா, அருவியில நல்லாக் குளிச்சேன்னே சொல்லிருங்க.

உங்கள் அண்ணன் மகன்