உப்பாத பப்ஸ், ஊறிப்போன சமோசா

கேள்வி: கிறிஸ்துமஸ் அன்று மாலை வீட்டுக்குப் பதினைந்து பேர் வருகிறார்கள். பப்ஸை நானே செய்யவா, பேக்கரியில் வாங்கிவிடவா? (வாசகி, தாம்பரம்)

பதில்: பேக்கரி பப்ஸ் அடுப்பை விட்டு இறங்கும் நேரம் ஒன்று, உங்கள் விருந்தாளிகள் படியேறும் நேரம் வேறு. காலையில் சுட்டதை மாலை ஏழு மணிக்குத் தட்டில் வைத்தால் அது பப்ஸ் இல்லை, மசாலா தடவிய அட்டை. வீட்டிலேயே சுடுங்கள். ஆனால் மாவை வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் ஐஸ்கிரீம், உறைந்த பட்டாணி இருக்கிற பெட்டியிலேயே பஃப் பேஸ்ட்ரி ஷீட்டும் இருக்கும். அது கிடைக்காத ஊர் என்றால், பழகிய பேக்கரியில் இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்து, சுடாத மாவாகக் கேட்டுப் பாருங்கள். பண்டிகை நேரத்தில் கடைக்காரர் முறைத்தால் நான் பொறுப்பில்லை.

கேள்வி: அந்த ஷீட்டை வாங்கித்தான் செய்தேன். அடுக்கு அடுக்காக எழும்பவே இல்லை. வெண்ணெய் எல்லாம் தட்டில் வழிந்து, பப்ஸ் அதிலேயே பொரிந்தது. எங்கே தப்பு? (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் சமையலறை வெயிலில்தான் தப்பு. இந்த மாவில் ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது. அதைத் தூக்குவது தண்ணீர். மாவிலும் தண்ணீர் இருக்கிறது, வெண்ணெயிலும் சுமார் 16 சதவீதம் தண்ணீர்தான். ஆவியானால் தண்ணீரின் கன அளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகும். அப்படிப் பெருகும் நீராவி, கொழுப்பு பிரித்துவைத்த ஒவ்வொரு மாவு அடுக்கையும் மேலே தள்ளுகிறது. இது நடக்க வேண்டுமென்றால் அடுப்புக்குள் போகும்வரை வெண்ணெய் கெட்டியாக இருக்க வேண்டும். வெண்ணெய் உருகத் தொடங்குவது 32 டிகிரியை ஒட்டித்தான். மதுரையில் அந்தச் சூடு மேடையிலேயே இருக்கிறது. அடுப்புக்குப் போகும் முன்பே வெண்ணெய் மாவில் ஊறிவிட்டால் பிரிவதற்கு அடுக்கு ஏது?

ஆகவே, ஷீட்டை முதல் நாள் இரவு ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த் தட்டில் வையுங்கள். வெளியே வைத்து இளக்காதீர்கள். காலையில் ஃபேனுக்கு அடியில் வெட்டி, மசாலா வைத்து மடித்து, தட்டோடு மறுபடி ஃப்ரிட்ஜில் இருபது நிமிடம் வைத்துவிடுங்கள். அதற்குள் ஓவன் 200 டிகிரிக்கு வந்திருக்க வேண்டும். ‘மாவு உள்ளே போன பிறகு சூடு ஏறட்டும்’ என்பது கேஸ் மிச்சம் பிடிக்கிற மூளை. இங்கே அது எடுபடாது. முதல் பதினைந்து நிமிடம் கதவைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் நல்ல பழுப்பு வரும். வெளிர் மஞ்சளில் எடுத்தால் நடு அடுக்கு பச்சை மாவாகவே இருக்கும்.

இன்னும் ஒன்று. மேலே முட்டை தடவும்போது வெட்டிய ஓரங்களில் வழியவிட்டீர்களா? முட்டை பசையாகி அடுக்குகளை ஒட்டிவிடும். மேற்பரப்பில் மட்டும் தடவுங்கள்.

கேள்வி: கடை மாவு வாங்குவது எங்கள் குடும்பத்தில் மானப் பிரச்சினை. முழுக்க நானே செய்ய வேண்டும். வழி? (வாசகர், கும்பகோணம்)

பதில்: மானத்துக்கு ஒரு வழி, நேரத்துக்கு ஒரு வழி. முறைப்படி செய்தால் வெண்ணெயைத் தகடாகத் தட்டி, மாவுக்குள் பொதிந்து, தேய்த்து மூன்றாக மடிப்பார்கள். இதையே ஆறு முறை. மூன்றை மூன்றால் ஆறு முறை பெருக்கினால் 729 அடுக்கு. இரண்டு மடிப்புக்கு ஒரு தடவை ஃப்ரிட்ஜில் ஓய்வு வேறு. பண்டிகை முடிந்துவிடும்.

குறுக்கு வழி இது. 250 கிராம் மைதா, ஃப்ரீசரில் கல்லாகிப்போன 180 கிராம் வெண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு (உப்பு வெண்ணெய் என்றால் இது வேண்டாம்), ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, 100 மில்லி ஐஸ் தண்ணீர். கேரட் துருவுகிற பெரிய துளைத் துருவலில் வெண்ணெயை மாவுக்குமேல் துருவி, விரல் நுனியால் கலந்துவிடுங்கள். வெண்ணெய் துண்டு துண்டாகத் தெரிய வேண்டும். தண்ணீரைத் தெளித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசையாதீர்கள். பிசைந்தால் மாவு ரப்பராகும். அரை மணி நேரம் குளிரவைத்து, நீளமாகத் தேய்த்து, மூன்றாக மடித்து, கால் சுற்றுத் திருப்பி மறுபடி தேய்த்து மடியுங்கள். இப்படி நான்கு மடிப்பு, நடுவில் ஒரு முறை ஃப்ரிட்ஜ். இதிலேயே 81 அடுக்கு. சாப்பிடுகிற யாரும் எண்ணப்போவதில்லை, சித்தப்பாவைத் தவிர.

கேள்வி: வெண்ணெய்க்குப் பதில் டால்டா போட்டால் என்ன? பேக்கரியில் அதுதானே போடுகிறார்கள்? (வாசகர், ஈரோடு)

பதில்: மலிவு என்பதற்காக மட்டும் இல்லை, நம் வெயிலில் வெண்ணெயைவிடத் தாக்குப்பிடிக்கிறது என்பதற்காகவும்தான் பேக்கரிகள் வனஸ்பதியையும் மார்ஜரினையும் போடுகின்றன. மாவு நன்றாகவே எழும்பும். ஆனால் வாயில் உருக வேண்டியது உருகாமல் மேலண்ணத்தில் ஒரு படலமாக உட்கார்ந்துகொள்ளும். டிரான்ஸ் கொழுப்பைப் பொறுத்தவரை, 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியச் சட்டம். வருடத்துக்கு ஒரு தடவைதானே? வெண்ணெயே போடுங்கள்.

கேள்வி: முட்டை பப்ஸில் எல்லாக் கடையிலும் பாதி முட்டைதான். இந்தக் கஞ்சத்தனம் ஏன்? (மாணவர், கோவை)

பதில்: கஞ்சத்தனம் பாதி, கட்டடக் கலை பாதி. முழு முட்டை வைத்தால் மாவின் நான்கு மூலையும் மேலே சந்திக்காது. சந்தித்தாலும் சுடும்போது வாய் பிளந்துவிடும். பாதி முட்டையை மஞ்சள் கரு தெரிகிற பக்கம் கீழே இருக்கும்படி மசாலாமேல் கவிழ்த்தால் அடக்கமாக மூடும்.

மசாலாதான் முக்கியம். வெங்காயத்தை ஈரம் போகுமட்டும் வதக்கி, தக்காளி சேர்ப்பதானால் சுண்டச் சுண்ட வதக்கி, முழுக்க ஆறவிட்ட பிறகே மாவில் வையுங்கள். சூடான மசாலா வெண்ணெயை உருக்கும், ஈர மசாலா அடித்தட்டை ஊறவைக்கும். பப்ஸின் அடிப்பக்கம் களியாக இருந்தால் காரணம் இதுதான்.

கேள்வி: சமோசா பட்டியை வீட்டிலேயே மெல்லிசாக எப்படிப் போடுவது? நோன்பு திறக்கும் நேரத்துக்குள் என் சமோசா நமத்துவிடுகிறது. (வாசகி, ஆம்பூர்)

பதில்: ஆம்பூரிலிருந்து எனக்குக் கேள்வியா? பக்கத்து வீட்டு நன்னிமாவைக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். இரண்டு சிறு வட்டம் தேயுங்கள். ஒன்றின்மேல் எண்ணெய் தடவி, மைதா தூவி, மற்றதை மேலே வைத்து, இரண்டையும் சேர்த்து முடிந்தமட்டும் பெரிதாகத் தேயுங்கள். தோசைக்கல்லில் இரு பக்கமும் சில நொடி மட்டும் வாட்டினால் போதும், நிறம் மாறக் கூடாது. சூட்டோடு பிரித்தால் காகிதம் கணக்காக இரண்டு தாள் வரும். பட்டையாக வெட்டி, ஈரத் துணிக்குள் மூடிவையுங்கள்.

நமப்பதற்குக் காரணம் வெங்காயம். உப்புப் பட்டதும் தண்ணீர் விடும். நறுக்கிய வெங்காயத்தோடு ஒரு கைப்பிடி மெல்லிய அவலைக் கலந்துவிடுங்கள். விடுகிற தண்ணீரை அது குடித்துக்கொள்ளும். உப்பை மடிக்கப்போகும் நேரத்தில் போடுங்கள். பிறகு மிதமான தீயில், அவசரப்படாமல் பொரியுங்கள். கொதிக்கிற எண்ணெயில் போட்டால் உடனே சிவந்து உங்களை ஏமாற்றும், ஆறியதும் தொய்ந்துவிடும்.

கேள்வி: எங்கட வீட்டில நத்தாருக்குப் பற்றீஸ், ரோல்ஸ் எல்லாம் அண்டைக்குக் காலமை இருந்துதான் செய்யிறது. ஆக்கள் வரேக்க அம்மா குசினிக்குள்ளதான் நிற்பா. முதலே செய்து வைக்கேலாதோ? (ஈழத்து வாசகி, ஸ்கார்பரோ)

பதில்: தாராளமாக. பற்றீசுக்கு மாவை வட்டமாக வெட்டி, மீனும் கிழங்கும் வைத்து மடித்து, ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அழுத்திய பிறகு, பொரிக்காமல் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாதபடி அடுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். கல்லானதும் பையில் கொட்டிக்கொள்ளலாம். ஒரு மாதம்வரை ருசி குறையாது. ரோல்ஸும் அப்படித்தான், முட்டையில் தோய்த்து ரஸ்க் தூள் பிரட்டிய பிறகு உறையவையுங்கள். பற்றீசை உறைந்தபடியே எண்ணெயில் போடலாம், ஆனால் ஒரே நேரத்தில் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம், எண்ணெய் குளிர்ந்துவிடும். பருத்த ரோல்ஸை மட்டும் முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி இளகவிடுங்கள், இல்லையென்றால் வெளியே கருகி உள்ளே பனிக்கட்டி இருக்கும். அவித்த முட்டை வைத்த எதையும் உறையவைக்காதீர்கள். வெள்ளைக்கரு ரப்பராகித் தண்ணீர் விடும்.

அம்மா குசினியை விட்டு வருவாரா என்பது வேறு கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: மிஞ்சிய பப்ஸை மைக்ரோவேவில் சூடாக்கலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: சூடாகும், மொறுமொறுப்பு போய்விடும். மூடாத தோசைக்கல்லில் சிறு தீயில் வையுங்கள். ஓவன் இருந்தால் 160 டிகிரியில் ஐந்தாறு நிமிடம். முட்டை, கறி வைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையிலேயே கிடந்திருந்தால் சூடாக்கியும் பயனில்லை, குப்பைக்குத்தான்.

கேள்வி: ஓவன் இல்லை. குக்கரில் கேக் சுடுவேன். பப்ஸும் சுடலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். குக்கரில் அடியிலிருந்துதான் சூடு, நீராவியும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அடி கருகும், மேலே வெளுத்துக் கிடக்கும். ஏர் ஃப்ரையர் இருந்தால் 180 டிகிரியில் பதினைந்து நிமிடம். அதுவும் இல்லையென்றால் சமோசா பக்கம் வந்துவிடுங்கள், வாணலி போதும்.

கேள்வி: மசாலா வதக்கவே சோம்பல். ஆனால் வந்தவர்கள் பாராட்ட வேண்டும். (பெயர் வேண்டாம், அண்ணா நகர்)

பதில்: உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். பஃப் ஷீட்மேல் நெய் தடவி, இட்லிப் பொடியைத் தாராளமாகத் தூவி, உருட்டுக்கட்டையால் லேசாக அழுத்துங்கள். விரல் அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொன்றையும் முறுக்கித் தட்டில் வைத்து, குளிரவைத்து, 200 டிகிரியில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் சுடுங்கள். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, துருவிய சீஸும் மிளகும், எதுவும் சரி. தேங்காய்ச் சட்னி மட்டும் தடவிப் பார்க்காதீர்கள். செய்முறை கேட்பார்கள். கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆளுக்கு எத்தனை என்று கணக்கு வைப்பது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பின்னால் பிரியாணி வருகிறது என்றால் சிறிய அளவில் ஆளுக்கு மூன்று. வராது என்றால் ஆறு. பிரியாணி வரும் என்று சொல்லிவிட்டு ஒன்பது மணிவரை வரவில்லை என்றால், எத்தனை செய்தாலும் போதாது.