தீவிலிருந்து தீவுக்கு: மலிவு விமானக் கட்டணம் பற்றிய ஒரு சாஸ்திர விசாரம்

தீவொன்றிலே பிறந்து, அங்கேயே வயல் விதைத்து, கலியாணமும் முடித்துப் பிள்ளைகுட்டிகளோடு வாழும் வரிப்பத்தான்சேனைவாசி ஒருவர், உல்லாசப் பிரயாணம் என்று வந்தவுடன் இன்னொரு தீவையே நாடுவது ஏன் என்ற வினாவைப் பெரிய பண்டிதர்களுக்கு விட்டுவிட்டு, அத்தீவாகிய மாலைதீவுக்கு ஆகக் குறைந்த செலவிற் போய்வருவது சாத்தியமா என்பதை மாத்திரம் இவ்வாராய்ச்சி எடுத்துக்கொள்கிறது. இத்துறையின் முன்னோடி பயணி இப்னு பதூதா. 1343இல் மாலைதீவுக்குப் போய் அங்கே காழி உத்தியோகம் பார்த்து, 1344இல் நமது இலங்கைத் தீவுக்கு வந்த அப்பெரியாருக்கு அரசன் ஆரியச்சக்கரவர்த்தி முத்துகளும் பல்லக்கும் ஈந்து, யோகிகளையும் பிராமணர்களையும் சுமைகாரரையும் துணைக்கு அனுப்பி, பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வழிசெய்தான். வாகனம், உணவு, வழிகாட்டி எல்லாம் அடங்கிய அத்தகைய பக்கேஜ் பிற்காலத்தவர் எவருக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை.

நமது ஊரில் இவ்விஷயத்துக்குப் பிரமாணம் பெரும்பாலும் கர்ணபரம்பரையே. கட்டாரிலிருந்து லீவில் வந்த மச்சான் சொன்னதை அவருடைய கூட்டாளி கேட்டு, தேத்தண்ணிக் கடையில் அவர் மொழிந்ததை நாம் கேட்டு, செவ்வாய்க்கிழமை நடுச்சாமத்தில் டிக்கட் மலியும் என்றும், ஒரே டிக்கட்டைப் போனில் திரும்பத் திரும்பத் தேடினால் கம்பனிக்காரன் மோப்பம் பிடித்து விலையை ஏற்றிவிடுவான் என்றும் நம்பி வருகிறோம். இது பூர்வபட்சம். உண்மையிலோ, ஒரே விமானத்தின் ஒரே வரிசை ஆசனங்களையும் கம்பனி பல கட்டண வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. கீழ்வகுப்பு தீர்ந்ததும் அடுத்ததன் விலை முகத்தில் விழுகிறது. நேற்றைய விலை இன்று காணாமற்போனால், நாம் யோசித்துக்கொண்டிருந்த இடைவெளியில் வேறு யாரோ யோசிக்காமல் வாங்கிவிட்டார் என்பதே பெரும்பாலும் காரணம். அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசாங்கப் பிடியைத் தளர்த்த, 1985இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் மலிவுக் கம்பனிகளோடு மல்லுக்கு நின்று இந்த வித்தையைப் பெரிதாக வளர்த்தது. நமது செவ்வாய்க்கிழமைக்கு அதில் யாதொரு ஸ்தானமும் இல்லை.

இனி மூலப் பிரச்சினைக்கு, அதாவது நெல்லை விற்று ஆசனம் வாங்குவதற்கு, வருவோம். காயவைத்த நெல் மாதக்கணக்கில் கெடாது. விமானம் மேலெழுந்த கணமே அதன் வெற்று ஆசனம் சூனியம். ஆகவே கெட்டுப்போகும் ஆசனம் கடைசி நேரத்தில் மலிய வேண்டும், கெடாத நெல் நின்று விலைபேச வேண்டும் என்று தர்க்கம் படித்த எவரும் அனுமானிப்பர். நடப்பது நேர்மாறு. அறுவடை மெஷின் கூலியும் உரக்கடைக் கடனும் வாசலில் நிற்க, எல்லோரும் ஒரே கிழமையில் மூட்டையை வெளியே போட, நெல் விலை விழுகிறது. எல்லோரும் ஒரே விடுமுறையில் கிளம்ப, ஆசன விலை ஏறுகிறது. விற்கும்போதும் வாங்கும்போதும் கூட்டத்தோடு நிற்பவர் நமது வயற்காரரே. விமானநிலையத்திலும் நெல்தான் முந்திக்கொண்டது: 2013இல் திறக்கப்பட்டு விமானங்களுக்காகக் காத்திருந்த மத்தள சர்வதேச விமானநிலையத்தின் சரக்குக் களஞ்சியத்தில் 2015இல் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. நெல் விளைவிக்கும் நாமோ இன்றைக்கும் இரவு பஸ்ஸேறிக் கட்டுநாயக்கவுக்கே போகிறோம். பஸ்ஸில் ஓர் இரவு, விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம்.

பக்கேஜ் என்பதன் உடற்கூற்றையும் சற்றே அறுத்துப் பார்ப்பது நலம். "ஓஃபர் ஒண்டு வந்திரிக்கு காக்கா, நாலு பகல் மூணு ராவு, எல்லாம் சேர்த்து" என்று ஏஜன்சித் தம்பி சொல்லும்போது, முதற்பகல் இருட்டிய பின் தொடங்குவதையும் நாலாம் பகல் விடியலிலேயே முடிவதையும் அவர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. இரவில் இறங்கும் விமானம் மலிவுதான். ஆனால் கடல்விமானங்கள் பகலில் மாத்திரமே பறப்பதால், தூரத்து ரிசோர்ட்டுக்குப் போகிறவர் விமானநிலையத்தை அடுத்த ஹுல்ஹுமாலேயில் அறையெடுத்துப் படுக்க, டிக்கட்டில் மிச்சம்பிடித்தது தலையணையில் கரைந்துவிடுகிறது. மாஃபுஷி போன்ற ஊர்த்தீவுகளின் சிறு விடுதிகள் நமது சட்டைப்பைக்கு உகந்தவை. மதுபானம் கிடையாது, பாங்கு கேட்கும், மாசி போட்ட கறி கிடைக்கும். மாலேயிலிருந்து அங்கே போகும் பொதுப் படகு மிக மலிவு, ஆயினும் வெள்ளிக்கிழமைகளில் அது ஓடாது. ஜும்ஆவை அங்கே தொழலாம் என்ற நல்லெண்ணத்தோடு வெள்ளிக்கிழமை இறங்குகிறவர், ஸ்பீட் போட்காரரிடம் பன்மடங்கு கொடுத்தாக வேண்டும். இலங்கையருக்கு விசாக் கட்டணம் இல்லை என்பது மெய்யே. எனினும் சிறு விடுதியில் தலைக்கு நாளொன்றுக்கு 6 டொலர் பசுமை வரி 2025 தொடக்கம் உண்டு, அது பக்கேஜுக்குள்ளா வெளியேயா என்பது கேட்டால்தான் தெரியும்.

காலநிர்ணயம் எஞ்சியிருக்கிறது. பெரும்போக நெல் மாசி பங்குனியில் காசாகும். அது மாலைதீவில் வெயிற்காலம், ஐரோப்பியர் குவியும் காலம், விலையைத் தொட முடியாது. சிறுபோகம் ஆகஸ்டில் அறுவடையாகும். அடுத்த விதைப்புக்கு முந்திய செப்டெம்பரோ அங்கே மழைக்காலம், விலை இறங்கிவிடுகிறது. மழைக்குப் பயந்து கடல் பார்க்காமல் திரும்புகிறவரை நான் வயற்காரர் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே செப்டெம்பரே உத்தமம் என்பது சித்தாந்தம். அதற்கும் ஒரு விக்கினம்: செப்டெம்பர் டிக்கட்டின் கீழ்வகுப்பைப் பிடிக்க ஜூலையிலேயே காசு கட்ட வேண்டும், ஜூலையில் நமது காசு முழுவதும் இறக்காமத்து வயல்களிற் பச்சையாக நின்றுகொண்டிருக்கும். மலிவு டிக்கட் மாதச் சம்பளக்காரருக்காகவே சிருஷ்டிக்கப்பட்டது என்பதே என் தீர்ப்பு. மற்றவர்கள், ஊரில் சீட்டுப் பிடிக்கும் ராத்தாவிடம் இப்போதே போய், ஜூலை மாதச் சீட்டைத் தங்கள் பெயருக்கு எழுதச் சொல்லிவையுங்கள்.