சிகரம் தொட்டவன்

ஜவ்வாது மலை அடிவாரத்துக்காரனிடம் ஒரு குணம் உண்டு: மலையைத் திரும்பிப் பார்க்க மாட்டான். சந்தவாசலில் இருந்துகொண்டு 3,000 அடிக்கு மேல் நிற்கிற அந்த மலையை நான் பார்த்ததெல்லாம், மழை வருமா, மாடியில் காயப்போட்டதை எடுத்துவிடலாமா என்று தெரிந்துகொள்ளத்தான். ஜமுனாமரத்தூருக்கும் போளூர் பஸ்ஸில்தான் போயிருக்கிறேன், வளைவுக்கு வளைவு கண்ணை இறுக மூடிக்கொண்டு. மகள் இருக்கும் நெதர்லாந்துக்குப் போன பிறகுதான் எனக்கு மலைப்பற்று பொங்கியது. அங்கே மலை இல்லை.

விமானம் இறங்கிய ஸ்கிபோல் நிலையமே கடல் மட்டத்துக்கு 3 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ஏரியாக இருந்த இடம். 1852இல் தண்ணீரை இறைத்து நிலமாக்கி முடித்தார்களாம். நம் பக்கம் ஏரியில் குடிசை போட்டாலே தாசில்தார் நோட்டீஸ் வரும். இவர்கள் ஓடுபாதையே போட்டுவிட்டார்கள்.

கிளம்பும்போது மலைச் சாமையும் புளியும் பெட்டியில் ஏறின. நெய்யும் சீத்தாப்பழமும் ஏறவில்லை. நம் நாட்டிலிருந்து போகிறவர்கள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோக ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பழத்துக்குச் சான்றிதழ் வேண்டும். வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. படவேட்டு வாழைத்தோப்புக்காரர்கள் கவனிக்க.

ஐந்தோவன் நகரத்தில் மகள் வீடு. முதல் நாள் மதியம் மாப்பிள்ளை ஒரு துண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் சாக்லெட் துகள்களைத் தாராளமாகத் தூவி என் முன்னே வைத்தார். ஹாகல்ஸ்லாக் என்று பெயராம். குழந்தைக்குக் கொடுக்க வேண்டியதைத் தவறி எனக்கு வைத்துவிட்டார் என்று நினைத்து, பெருந்தன்மையாகப் பேரன் பக்கம் நகர்த்தினேன். "மாமா, இங்க பெரியவங்களும் இதைத்தான் சாப்பிடுவாங்க" என்றார். மதியச் சாப்பாட்டில் ஆவி பறக்க வேண்டும் என்று அந்த நாட்டில் ஒருவரும் எதிர்பார்ப்பதில்லை. நான் எதிர்பார்த்தேன். என் எதிர்பார்ப்பை மதிக்கிற வழக்கம் சந்தவாசல் வீட்டிலேயே கிடையாது.

என் மனைவியோ வேறு பிறவி. சந்தையில் ஹெர்ரிங் மீன் விற்கிற வண்டி முன்னால் போய் நின்றாள். அடுப்பைக் கண்டிராத மீன். சுத்தம் செய்து உப்பில் ஊறவைத்தது. பொடியாக நறுக்கிய வெங்காயத்தில் புரட்டி, வாலைப் பிடித்துத் தூக்கி, அண்ணாந்து வாய்க்குள் இறக்க வேண்டும். இறக்கினாள். "கருவாடுதாங்க, வெயில்ல காயல, அவ்வளவுதான்" என்று தீர்ப்பும் சொன்னாள். சந்தவாசலில் மீன் குழம்பில் புளி ஒரு சொட்டுக் குறைந்தாலும் பஞ்சாயத்து வைக்கிற குடும்பத் தலைவன், கையில் துடைக்கும் காகிதத்தோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

வீரத்தை மீட்க வேண்டுமே! கறுப்பு மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை வாங்கி, மாப்பிள்ளை தடுப்பதற்குள் இரண்டை வாயில் போட்டேன். 'டிராப்' என்கிற அதை டச்சுக்காரர்கள் அளவு கணக்கில்லாமல் மெல்லுகிறார்கள். முதலில் அதிமதுரம் வந்தது; நாட்டு மருந்துக் கடை ஞாபகம், பழுதில்லை. பின்னாலேயே உப்பும் கார்ப்பும் கலந்து மூக்கு வரை ஒன்று ஏறியது. பேரன் தாளைப் படித்து அம்மோனியம் குளோரைடு என்றான். அதாவது நவச்சாரம்! பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தேய்ப்பாரே, மலைப்பக்கம் சாராய ஊறலில் போடுவார்களே, அதே சரக்கு. துப்புவதற்கு இடம் தேடினேன். அவ்வளவு சுத்தமான தெருவை நான் சபித்தது அன்றுதான். விழுங்கினேன்.

என் முகவாட்டத்தைச் சாப்பாட்டு ஏக்கம் என்று மகள் நினைத்தாள். நான் சொன்ன காரணம் வேறு: கண் போய் முட்டிக்கொள்ள ஒரு மேடு வேண்டும். எந்தப் பக்கம் பார்த்தாலும் வானம் தரை வரைக்கும் இறங்கியிருந்தால் மனுஷன் எதைப் பார்ப்பது? கேட்டவள் இரக்கப்பட்டு, ஐரோப்பிய நெதர்லாந்தின் மிக உயரமான இடமான வால்சர்பெர்க்குக்கு அழைத்துப் போனாள். ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் சேரும் முச்சந்தி அது.

மங்கி குல்லாய், ஸ்வெட்டர், முழங்கால் உறை எல்லாம் மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன். கார் மரங்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் ஏறி, ஒரு பார்க்கிங்கில் நின்றது. பக்கத்தில் காப்பிக் கடை.

"இறங்குங்கப்பா."

"மலை எங்கம்மா?"

"அது மேலதான் நிக்கிறீங்க."

உயரம் 322 மீட்டர். முழங்கால் உறையைக் காருக்குள்ளேயே கழற்றி வைத்தேன். என் மனைவி இரண்டே எட்டில் ஜெர்மனிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, காப்பி சூடாக இல்லை என்றாள். அவள் குறை சொன்னது அந்த ஒன்றைத்தான்.

ஊர் திரும்பியதிலிருந்து டீக்கடையில் எனக்குத் தனி மதிப்பு. ஐரோப்பிய நெதர்லாந்தின் மிக உயரமான சிகரத்தில் நின்றவன் என்று சொல்லிக்கொள்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. எவ்வளவு உயரம் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. இதைப் படித்தவர்கள் போளூர்ப் பக்கம் வர நேர்ந்தால், தயவுசெய்து நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.