புளியோதரைத் தேனிலவு

இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும் என்பது ஏட்டுக் கணக்கு. அதை நம்பிக் கிளம்பினால் மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் நடுவழியில் பிடித்துக்கொள்ளும். கேளம்பாக்கத்து ஜோடி விவரமானது. வெயில் ஏறுவதற்குள், மாசியிலும் பங்குனி முற்பாதியிலுமே தன் இளவேனிலை முடித்துக்கொண்டுவிடும்.

ஐயாவுக்குச் சிறுசேரி சிப்காட்டில் உத்தியோகம். அம்மணிக்கு ஐயாவையும் சேர்த்து வீட்டு நிர்வாகம். சென்னையே சனி, ஞாயிறானால் பெட்ரோல் போட்டுக்கொண்டு தேடி வருகிற இடமெல்லாம் இவர்களுக்கு வாசல்படி. 2021-இல் நீலக்கொடிச் சான்று வாங்கிய கோவளம் கடற்கரை, முட்டுக்காடு படகுத்துறை, கொஞ்சம் தள்ளிப் போனால் மாமல்லபுரம். அதனாலேயே எதையும் பார்த்ததில்லை. “நம்ம ஊருதானே, எப்ப வேணா போலாம்.”

ஒருவழியாக நாள் குறித்தாகிவிட்டால், “காலைல ஆறு மணிக்கு டாண்னு கிளம்பறோம்” என்பார் ஐயா. கிளம்பும்போது ஒன்பதரை. பையில் புளியோதரை, தயிர்சாதம், மாவடு, ஃப்ளாஸ்க், பழைய பெட்ஷீட், ரெண்டு குடை, ஓமவாட்டர், ஒரு ஸ்வெட்டர்.

“கோவளத்துக்கு எதுக்கு ஸ்வெட்டர்?”

“கடக்காத்து உங்களுக்கு ஆவாது.”

ஐயாவுக்குக் கூட்டம் ஆகாது. ஆகவே கல்யாண நாளுக்குச் செவ்வாய்க்கிழமை பார்த்து லீவு போடுவார். முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா வாசலுக்குப் போன பிறகுதான் அங்கே செவ்வாய் விடுமுறை என்று தெரியவரும். கேளம்பாக்கம் வழியாக வண்டலூர் போனால், உயிரியல் பூங்காவுக்கும் வார விடுமுறை செவ்வாய்தான். மறுபடியும் கேளம்பாக்கம் வழியாக, சொந்த வீட்டை இரண்டாம் தரம் கடந்து, வடநெம்மேலி முதலைப் பண்ணை. ராமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கிய இந்தப் பண்ணைக்கு நல்லவேளையாகத் திங்கட்கிழமைதான் லீவு.

ஆக, கல்யாண நாள் முதலைகளோடு. உடம்புச் சூடு தணிய வாயைப் பிளந்துகொண்டு, ஆடாமல் அசையாமல் கிடக்கிறது ஒன்று. அம்மணி அதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், ஐயாவைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். “ஞாயித்துக்கெழம மத்தியானம் நம்ம ஹால்ல பாக்கறதுதானே. இதுக்கு டிக்கெட் வேறயா?”

முட்டுக்காட்டு மிதிபடகு இன்னொரு ரகம். கால் மிதிக்க ஆளுக்கொரு ஜோடி பெடல். திருப்புவதற்கு நடுவில் ஒரே ஒரு கைப்பிடி. இல்லறத்தை நன்றாகத் தெரிந்த யாரோதான் இதைச் செய்திருக்க வேண்டும்.

“லெஃப்ட்ல ஒடிங்க.”

“ஒடிச்சிட்டுத்தான் இருக்கேன். நீ மிதி.”

“நான் மட்டும்தாங்க மிதிக்கிறேன்!”

படகு நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். கரையில் ஊழியர் விசில் ஊதுவார். இறங்கியதும், “நல்லா இருந்துச்சு, இல்ல?” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொள்வார்கள்.

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் மக்கள் கூடுவார்கள். மணலில் குடில் போட்டுத் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, விடியற்காலையில் அங்கேயே கல்யாணமும் நடத்துவார்கள். நம் ஜோடி போய்ச் சேருவதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர் திரும்பியிருப்பார்கள். மிச்சமிருப்பது கிருஷ்ணரின் வெண்ணெய்ப் பாறை. காலங்காலமாகச் சரிவில் உருளாமல் நிற்கிற அந்தப் பாறையை, தாம்தான் கையால் தாங்குவதாக ஐயா போஸ் கொடுப்பார். “இன்னும் கொஞ்சம் குனிங்க. தலை விழுது, பாறை விழல.” அதற்குள் கோயம்புத்தூரிலிருந்தோ பாட்னாவிலிருந்தோ வந்த இன்னொரு கணவர் அதே பாறையைத் தாங்க வரிசையில் நிற்பார்.

திரும்புகிற வழியில் திருவிடந்தை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. 360 கன்னியரை நாளுக்கு ஒருவராக மணந்ததால் இங்கே பெருமாளுக்கு நித்திய கல்யாணர் என்று பெயர். கல்யாணம் கூடிவர வேண்டுபவர்கள் மாலை சாத்தி, பிரசாத மாலையை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்து, கல்யாணமானதும் ஜோடியாக அதை எடுத்துக்கொண்டு வரவேண்டும். அம்மணி அந்தக் காலத்தில் சாத்திய மாலை, நாரும் சருகுமாக இன்னும் பூஜை அலமாரியில் கிடந்தது. இன்று புளியோதரை டப்பாவுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது.

“இத்தன வருஷம் கழிச்சா?”

“பெருமாள் தெனம் ஒரு கல்யாணம் பண்ணிக்கறார். அவரே சலிச்சுக்கல, உங்களுக்கென்ன?”

பட்டர் மாலையை உற்றுப் பார்த்துவிட்டு, “கல்யாணம் எப்போ ஆச்சு?” என்று கேட்பார்.

“போன தைல, சாமி” என்பார் அம்மணி, கண் இமைக்காமல்.

ஐயா சட்டென்று தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்வார்.