கட்டமில்லாத ஆமை

ஒரு வட்டம், அதனுள் சில கட்டங்கள், வெளியே நான்கு கால், ஒரு தலை, குட்டி வால் என்று மூன்றே நிமிஷத்தில் பாலகர்களுக்கு ஆமை வரையக் கற்பித்துவிடும் நமது சித்திர சாஸ்திரம், கிரேட் நிக்கோபார் தீவில், கேம்பல் பேக்குத் தெற்கே கலத்தியா விரிகுடாவின் மணலில் முட்டையிட வரும் ஏழுவரி ஆமையின் முன்னே சற்றுத் தலைகுனியத்தான் வேண்டியிருக்கிறது, ஏனெனில் அந்த மகாப் பிராணிக்குக் கட்டங்கள் அமைந்த கெட்டி ஓடே கிடையாது, கரிய தோலும் அதன்மீது நீளவாக்கில் ஓடும் ஏழு வரம்புகளுந்தான், காலோ, துடுப்பு. கண்டதைக் கண்டபடி வரையும் தீவுக் குழந்தைக்கு, "கட்டம் எங்கே?" என்று மார்க்கு குறைந்தாலும் ஆச்சரியமில்லை.

வரைவதில்தான் இத்தனை பிரயாசை; அழிப்பதில் பெரியவர்கள் கைதேர்ந்தவர்கள். 2021 ஜனவரியில், சரக்குப் பெட்டகத் துறைமுகத்தின் பொருட்டு, அவ்விரிகுடாவின் சரணாலய அந்தஸ்தை நீக்க தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு சம்மதித்தது. ஆனால் ரப்பர் முழுதும் தேய்க்கவில்லை போலும்: அதே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட கடலாமைச் செயல்திட்டத்தில், கலத்தியா முக்கியமான ஆமை வாசஸ்தலங்களுள் ஒன்றாகவே இருக்கிறது.