கல் விழுந்தது, கட்சி பிரிந்தது

தூத்துக்குடியில் முத்துக் குளித்த பரதவருக்குப் புவியீர்ப்பு என்பது கயிற்றில் கட்டிய கல். அதில் காலை வைத்து மூக்கைப் பிடித்தால், கொஞ்ச நேரத்தில் சிப்பி கிடக்கும் கடலடிப் பார். சுறாவின் வாயைக் கட்டக் கடல்கட்டி என்பவர் மந்திரம் ஓதினார். கல் கீழே போக யாரும் ஓதவில்லை.

ஏன் போகிறது என்று கேட்கும் கெட்ட பழக்கம் கரையில் சும்மா இருந்தவர்களுக்குத்தான். கல்லின் சொந்த இடம் கீழே, அங்கே போகிறது என்றார் அரிஸ்டாட்டில். இழுப்பது பூமியின் குணம் என்று 628-இல் முடித்துவிட்டார் பிரம்மகுப்தர். 1644-இல் டெகார்ட், விண்வெளி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சுழலை ஓடவிட்டு, அதுதான் கல்லைத் தள்ளுகிறது என்றார்.

1658-இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசரிடமிருந்து பறித்த டச்சுக் கம்பெனிக்கு முத்தும் வேண்டும், நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்றும் தெரிய வேண்டும். நேரத்தைக் கொண்டு அதைக் கணக்கிடத் தன் ஊசல் கடிகாரங்களைக் கம்பெனிக் கப்பலில் ஏற்றினார் டச்சு அறிஞர் ஹைகன்ஸ். 1687-இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து கப்பல் திரும்பியது. கடிகாரத்தை அப்படியே நம்பினால், கப்பல் அயர்லாந்தின் வயல்வெளி வழியாக வந்திருக்க வேண்டும்! பூமி சுழல்வதால் நடுக்கோட்டருகே எடை குறைகிறது, ஊசலும் சோம்புகிறது என்று ஹைகன்ஸ் திருத்தினார். கப்பல் தண்ணீருக்குத் திரும்பியது.

அதே ஆண்டு நியூட்டன் புத்தகம் போட்டார்: எல்லாம் எல்லாவற்றையும் இழுக்கிறது. கயிறு இல்லாமல் இழுப்பாமா என்று முகம் சுளித்த ஹைகன்ஸ், 1690-இல் சுழல் கட்சிக்கு நூல் எழுதினார். லைப்னிட்ஸும் சேர்ந்துகொண்டார். நியூட்டனின் நண்பர் ஃபாட்டியோவோ, எல்லாத் திசையிலிருந்தும் துகள் மழை பெய்து நம்மைக் கீழே அமுக்குகிறது என்று மூன்றாம் கட்சி தொடங்கினார். 1713-இல் நியூட்டன் கைவிரித்தார்: கணக்கு தருகிறேன், காரணம் கேட்காதீர்கள். கணக்கு பலித்ததால் அவரே ஜெயித்தார். காரணம் அப்படியே நின்றது.

டச்சுக்காரர் 1825-இல் தூத்துக்குடியை ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஈர்ப்பை விடவில்லை. இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்பு குறைந்து, கடல்மட்டமே கணக்குக்கு 106 மீட்டர் கீழே கிடப்பதை 1948-இல் கண்டவர் வெனிங் மைனெஸ் என்ற டச்சுக்காரர். பள்ளத்துக்குக் காரணம் பூமிக்குள் எழும் சூடான பாறை என்று 2023-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் சொன்னார்கள். உடனே எதிர்க்கட்சியும் எழுந்துவிட்டது. அன்று ஹைகன்ஸ் சுளித்த அதே முகம்தான்.