பிசிக்ஸ் மட்டும் படிச்சிடாத, பேராண்டி

பிசிக்ஸ்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறியாமே? உங்கம்மா காலையிலயே காபி போட்டு எடுத்துகினு வந்துடுச்சு. "மாமா, நீங்க சொன்னா கேப்பான், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்லுங்க"ன்னு கண்ணைக் கசக்கிச்சு. நான் காபியைக் குடிச்சிட்டேன். குடிச்ச காபிக்கு வஞ்சனை பண்ணக் கூடாது. அதனால சொல்றேன் கேட்டுக்க, பிசிக்ஸ் படிக்காத.

ஏன்னு கேளு. அந்தப் படிப்புக்குப் போர்டே கிடையாதுடா. பி.காம் படிச்சா ஆடிட்டர் ஆபீசு, நர்சிங் படிச்சா ஆஸ்பத்திரி. அம்பத்தூர் எஸ்டேட்டு 1964ல வந்தது. அதுக்கு முன்னாடி அங்க நெல்லு விளைஞ்சதைப் பார்த்தவன் நான். அப்புறம் அதே எஸ்டேட்டுல லேத்துல நின்னேன். இத்தனை வருஷத்துல எந்த கேட்டுலயாவது 'இயற்பியல் படித்தவர் தேவை'ன்னு தட்டி தொங்கிப் பார்த்தேன்னு நினைக்கிறியா? டர்னர் தேவை, வெல்டர் தேவை, ஹெல்பர் உடனடியாகத் தேவை. அவ்ளோதான்.

தட்டி தொங்காத வேலை ஒண்ணு மட்டும் உள்ளார இருந்துச்சு. மே மாசத்துல ஷாஃப்ட் கடைஞ்சு, சூடு ஆறுறதுக்குள்ள மைக்ரோமீட்டர் வெச்சா கரெக்ட்டாக் காட்டும். அதே ஷாஃப்ட்டை வாங்கினவன் ஏசி ரூம்ல அளந்துட்டு 'அண்டர்சைஸ்'னு திருப்பி அனுப்புவான். ரெண்டு பேரும் பொய் சொல்லல. அளவுன்னா உலகம் பூராவும் 20 டிகிரியில எடுக்கற அளவுதான். ஒரு மீட்டர் இரும்பு, டிகிரிக்குச் சுமார் 11, 12 மைக்ரான் நீளும். நம்ம பட்டறை 35 டிகிரியில வெந்துகினு இருந்தா சுமார் 170 மைக்ரான் தப்பு. பத்து மைக்ரான் தப்பினாலே தூக்கிப் போடற ஊர்ல 170! இதுக்குன்னே கண்ணாடி ரூம்ல உக்காந்து, ஸ்லிப் கேஜை வெச்சு, எந்தக் கருவி எவ்ளோ பொய் சொல்லுதுன்னு சர்டிபிகேட் கொடுக்கற ஆளு ஒருத்தன் இருப்பான். காலிப்ரேஷன் லேப்னு பேரு. அவன் கையில எண்ணெய் இருக்காது, சட்டை கசங்காது. எங்களுக்கெல்லாம் அவனைக் கண்டாலே எரியும். விசாரிச்சா பி.எஸ்சி பிசிக்ஸ்.

அதனாலதான் வேணாங்கறேன். எரிச்சலுக்கு ஆளாவ.

இன்னொருத்தன் வருவான், காஸ்டிங்கை உடைக்காமலே உள்ள ஓட்டை இருக்குதான்னு சொல்றவன். என்.டி.டின்னு பேரு, லெவல் டூ பாஸ் பண்ணியிருக்கணும். சிவப்புச் சாயத்தைத் தடவிப் பார்ப்பான், அல்ட்ராசோனிக் வெச்சுப் பார்ப்பான், பெரிய வார்ப்புன்னா இரிடியம் வெச்சுப் படமே பிடிப்பான். அந்த இரிடியம்-192 இருக்குதே, 74 நாள்ல பாதி பலம் போயிடும். நீ ப்ளஸ் டூவுக்குப் படிச்சது அதைவிடச் சீக்கிரமாப் போயிருக்கும், அது வேற கதை.

பூந்தமல்லி நகைக்கடைக்குப் போ, அங்கயும் உன் சப்ஜெக்ட்டுதான் கல்லாவுக்குப் பக்கத்துல உக்காந்துகினு இருக்குது. கேரட் மீட்டர். எக்ஸ்ரே அடிச்சா தங்கம் ஒரு மாதிரி எக்ஸ்ரேயைத் திருப்பி விடும், செம்பு இன்னொரு மாதிரி விடும். எதுல எவ்ளோன்னு ஒரு நிமிஷத்துல எழுதிக் காட்டிடும். உரசாம, உருக்காம. உங்க பாட்டி சங்கிலி நாப்பது வருஷம் 22 கேரட்டா இருந்துச்சு, அந்த மெஷின்ல வெச்ச அன்னிக்கு 19 ஆயிடுச்சு. வித்தவன் போய்ச் சேர்ந்துட்டான். பாட்டி மெஷினைத்தான் திட்டுது.

ஆவடியைச் சொல்லவே வேணாம். டாங்க் ஃபேக்டரி இருக்குது, சி.வி.ஆர்.டி.ஈ இருக்குது, அர்ஜுன் டாங்க் அங்கதான் வரைஞ்சாங்க. உள்ள போறவங்க முக்காவாசி மெக்கானிக்கல், அதை மறைக்க மாட்டேன். ஆனா டாங்க்குக்கு உடம்பு ஆவடின்னா கண்ணு டேராடூன். அங்க ஐ.ஆர்.டி.ஈன்னு டி.ஆர்.டி.ஓ ஆராய்ச்சிக் கூடம், ராத்திரியில சூட்டை வெச்சுப் பார்க்கற கருவி, லேசர்ல தூரம் அளக்கற கருவி எல்லாம் அவங்க வேலை. மூணு கிலோமீட்டர் தள்ளி நிக்கிற இலக்கைத் தொட்டுட்டு ஒளி திரும்பி வர 20 மைக்ரோ செகண்டு. அந்த நேரத்தை அளந்துதான் தூரத்தைக் கணக்குப் பண்ணணும். நீ குளிச்சிட்டு வர எவ்ளோ நேரம் ஆவுதுன்னு உங்கம்மாவைக் கேட்டேன். அந்த வேலை உனக்கு ஒத்து வராதுப்பா.

மழை ஆபீசும் அப்படித்தான். வானிலைத் துறைல சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் எடுக்கறப்போ பி.எஸ்சியில பிசிக்ஸ் இருக்குதான்னு பார்க்கறாங்க. சென்னைத் துறைமுகத்துல 2002ல டாப்ளர் ரேடார் வெச்சாங்க. மழைத்துளி நம்ம பக்கம் வருதா, விலகிப் போவுதான்னு அது சொல்லும். செம்பரம்பாக்கம் 24 அடி ஏரி. 2015 டிசம்பர்ல அதைத் திறந்தப்போ ஊர் பட்டதை நீ சின்னப் பையனாப் பார்த்தே இல்ல? அந்த வேலையில உக்காந்தா கரெக்ட்டாச் சொன்னாலும் ஒருத்தரும் பாராட்ட மாட்டாங்க, தப்பிப் போனா மீம் போடுவாங்க. உனக்கு எதுக்கு?

வீட்ல சர்.சி.வி. ராமன் பேரைச் சொல்லியிருக்க. அவர் கதையை முழுசாச் சொன்னியா? நம்ம பிரசிடென்சி காலேஜ்ல படிச்சவர். 1907ல எம்.ஏ. முடிச்ச கையோட கல்கத்தாவுக்குக் கணக்கு ஆபீசராப் போயிட்டார். பிசிக்ஸுக்கு வேலை இல்லைன்னு அன்னிக்கே இருந்த கதைதான் இது. காலையில ஆபீசுக்கு முன்னாடி, சாயங்காலம் ஆபீசுக்கு அப்புறம்னு வருஷக்கணக்கா லேப்புக்கு ஓடினார். 1917ல அந்த உத்தியோகத்தை விட்டுட்டு, அதைவிடக் குறைஞ்ச சம்பளத்துக்கு வாத்தியார் வேலைக்குப் போனார் பாரு, சொந்தக்காரங்க இன்னா பேசியிருப்பாங்கன்னு நினைச்சுப் பார்க்கறேன். 1930ல நோபல் வந்தப்புறம் அதே சொந்தக்காரங்க 'எனக்கு அப்பவே தெரியும்'னு சொல்லியிருப்பாங்க.

கலாம் படத்தை வேற சுவத்துல ஒட்டியிருக்க. அவரு திருச்சி ஜோசப்ல பி.எஸ்சி பிசிக்ஸ் முடிச்சிட்டு, இது நம்ம வழி இல்லைன்னு தெரிஞ்சப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டியில விமானம் படிக்கப் போனவரு. படம் ஒட்டறவன் இதையும் சேர்த்துத்தான் ஒட்டணும். இன்னிக்கும் பி.எஸ்சி முடிச்சவன் பி.ஈ. ரெண்டாம் வருஷத்துல நேரா சேர வழி இருக்குது, அதுக்குக் கணக்கு படிச்சிருக்கணும்.

கணக்குன்னதும் முகம் ஏன் சுருங்குது? வெறும் பி.எஸ்சியைத் தூக்கிகினு போய் நின்னா ஆரம்பச் சம்பளம் எங்க டர்னரைவிடக் கம்மிடா. இது காபிக்காகச் சொல்லல, நிஜமாச் சொல்றேன். பிசிக்ஸ் தென்னம்பிள்ளை மாதிரி, நட்ட மூணாம் வருஷம் காய் கேட்டா கோவிச்சுக்கும். அலைடு மேத்ஸை அரியர் வெச்சிட்டுத் திரிஞ்சேன்னா மேல போற கதவு பாதி சாத்திக்கும். ஐ.ஐ.டியில எம்.எஸ்சி படிக்க ஜாம்னு ஒரு பரீட்சை. அதுக்கப்புறம் கேட் எழுதினா பாபா அணுசக்தி ஆராய்ச்சி மையம், பயிற்சிப் பள்ளியில ஒரு வருஷம் சம்பளத்தோட படிக்க வைக்கும். 1957லேர்ந்து நடக்கிற பள்ளிக்கூடம். அந்த வழியா வந்தவங்கதான் கல்பாக்கத்துல நிறைய பேரு. அவ்ளோ தூரம் வேணாம்னா வாத்தியார் வேலை: பி.எட் படி, டி.ஆர்.பி எழுது, வரிசையில நில்லு. வரிசை நீளம், மறைக்கல.

ஆஸ்பத்திரி வேலை ஒண்ணு இருக்குது, அதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. புத்துநோய்க்குக் கரண்டு வைக்கிறாங்கன்னு நம்ம ஜனம் சொல்லுதே, அந்த மெஷின் எந்தக் கோணத்துல, எவ்ளோ டோஸ், பக்கத்துல இருக்கற நல்ல சதைக்கு எவ்ளோ படும்னு கணக்குப் போடறது டாக்டர் மட்டும் இல்ல. மெடிக்கல் பிசிசிஸ்ட்னு ஒருத்தர் கூடவே இருப்பாரு. கிண்டி அண்ணா யுனிவர்சிட்டியில எம்.எஸ்சி மெடிக்கல் பிசிக்ஸ் இருக்குது. முடிச்சு ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில இன்டர்ன்ஷிப், அப்புறம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஒத்துக்கணும். அந்த ஆளு இல்லாம அந்த மெஷினை ஓட்டவே கூடாதுன்னு சட்டம். உன்னைக் கேக்காம ஒரு ஆஸ்பத்திரி ஸ்விட்ச்சைப் போட முடியாதுன்னா, உனக்கு இப்பவே இருக்கற திமிரு இன்னா ஆவும்?

சரி, இவ்ளோ சொல்லியும் கேக்க மாட்ட. பட்டாபிராம் இந்துக் காலேஜோ வேற எதுவோ, ஃபாரம் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல போ. பிரின்சிபாலைப் பார்க்காத, அவரு நல்லாத்தான் பேசுவாரு. பிசிக்ஸ் லேப் அட்டெண்டரைப் பாரு. ஸ்பெக்ட்ரோமீட்டர் எத்தினி ஓடுது, எத்தினி அலமாரிக்குள்ள தூங்குதுன்னு கேளு. ரெக்கார்டு நோட்டுல ரீடிங்கைப் போன வருஷத்துப் பையன்கிட்டேயிருந்து காப்பியடிக்கிறாங்களான்னு கேளு. அவன் சிரிச்சான்னா வேற காலேஜ் பாரு.

வேலை கிடைச்சா பேரை மட்டும் சொந்தக்காரங்ககிட்ட சொல்லாத. என்.டி.டின்னு சொன்னா டி.வியில வருவியான்னு கேப்பாங்க. ரேடியேஷன் சேஃப்டி ஆபீசர்னு சொன்னா, 'ரேடியோ ரிப்பேரா, எங்க வீட்ல ஒண்ணு பாடாமக் கிடக்குது'ன்னு எடுத்துகினு வருவாங்க. வந்தா கோவிச்சுக்காம வாங்கி வெச்சுக்க. எலக்ட்ரானிக்ஸ் பேப்பரும் உனக்கு இருக்குது, அதையும் ஒழுங்காப் படி.